உறுமலைத் திருப்பிக் கொடு

கடற்கரைச் சாலையில் போட்டிருந்த மேடை அது. சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். வெயில் தணிந்து, மாங்காய்ப் பத்தைக்கு மிளகாய்த்தூள் தூவுகிற வண்டிகள் வரிசையாக வந்து நின்றுவிட்டன. நான் கிடாரைப் பிடித்துக்கொண்டு மேடையின் இடது ஓரத்தில் நின்றேன். ஓரம் எனக்குப் பழக்கமில்லாத இடம். என் பழைய இடமான நடு மைக்கில், கீபோர்டோடு அமலி நின்றாள்.

அவள் பாட ஆரம்பித்ததும் கூட்டத்தில் ஒருவர் ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்தார். ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியைக் கிழித்துச் செய்த அட்டை. நான் ஃப்ரிட்ஜ் விற்கிற கடையில் பில் போடுபவன், அட்டையின் ரகம் எனக்குத் தெரியும். அதில் தடித்த எழுத்தில் 'உறுமலைத் திருப்பிக் கொடு' என்று எழுதியிருந்தது. உறுமல் என்பது எங்கள் இசைக்குழுவின் பழைய சத்தத்துக்கு ரசிகர்கள் வைத்த செல்லப் பெயர்.

பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் அதையே கோஷமாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அமலி பாடிக்கொண்டே அட்டையைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் காலடியில் இருந்த பெடலைச் சரிசெய்கிறவன் மாதிரி குனிந்துகொண்டேன்.

பெடல் நன்றாகத்தான் இருந்தது. அந்த வாசகத்தை முதலில் எழுதியவன் நான். அது அட்டைக்காரருக்கும் தெரியாது, அமலிக்கும் தெரியாது.

சென்ற வாரம் என் முதல் கிடாரைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், 'முன்பு இருந்த சுவை இப்போது உங்கள் எழுத்தில் இல்லை' என்று கடிதம் போட்டிருக்கிறார். இந்தத் தொடர் தொடங்கி இது மூன்றாவது வாரம். அவர் சொல்கிற பொற்காலம் ஏழு நாள் நீடித்திருக்கிறது. எனக்கு வருத்தமில்லை. இப்படிப்பட்டவர்களோடுதான் நான் பல வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன்.

மோட்டார் வைத்த சுருதி

எங்கள் குழுவின் பெயர் 'ஐஸ் பெட்டி'. சினிமாப் பாட்டு பாடாமல் சொந்தப் பாட்டு மட்டும் பாடுகிற ராக் குழு. இதை இண்டி என்கிறார்கள். கல்யாண வரவேற்புக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று அதற்கு அர்த்தம்.

ஆரம்பத்தில் மூன்று பேர். நான் பாட்டு, கூடவே கொஞ்சம் கிடார். தினா முழுநேரக் கிடார். லூர்து டிரம்ஸ். லூர்துவின் மாமா தேங்காய்த்திட்டில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஐஸ் கம்பெனி வைத்திருந்தார். மீன்காரர்களுக்குப் பாளம் பாளமாக ஐஸ் போட்டுக் கொடுக்கிற இடம். அதை ஒட்டி ஒரு பழைய கிடங்கு சும்மா கிடந்தது. "சத்தம் போட்டுக்கோங்க, இங்க எவனும் கேக்க மாட்டான்" என்று மாமா கொடுத்தார். எங்கள் இசையைப் பற்றி வந்த முதல் விமர்சனம் அதுதான்.

தரையில் எப்போதும் ஐஸ் தண்ணீர் ஓடும். ஆம்ப்ளிஃபயரை மீன் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் வைத்திருந்தோம். மூக்கில் அம்மோனியா ஏறும். சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

சிக்கல் அந்த மோட்டாரில்தான் இருந்தது. அதன் இரைச்சல் ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக் கட்டைக்கும் நடுவே, ஒரு வாத்தியமும் போகாத சந்தில் நின்றது. எங்கள் பாட்டெல்லாம் ஆறு கட்டை. போனில் இருக்கிற சுருதி பார்க்கும் செயலி "சரி" என்று பச்சை விளக்கு காட்டும், காது மட்டும் "இல்லை" என்று சொல்லும். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தோம். பிறகு தினா கிடார்க் கம்பிகளைத் தளர்த்திக்கொண்டே வந்து, மோட்டாரோடு சேர்கிற இடத்தில் நிறுத்தினான். சட்டென்று எல்லாம் இனிமையாகிவிட்டது. பேஸ் கிடார் வாசிக்க ஆள் கிடைக்காத குறையையும் மோட்டார் தீர்த்துவைத்தது.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வெளியே மேடை கிடைத்தபோதும், பாட்டைப் பதிவு செய்தபோதும், காது பழகிய சுருதியை எங்களால் விட முடியவில்லை. லூர்து மோட்டார் சத்தத்தைப் போனில் பதிந்து வைத்துக்கொண்டான். எந்த மேடையானாலும் ஏறுவதற்கு முன் நாங்கள் மூன்று பேரும் தலையைக் குனிந்து, அந்தப் போனைச் சுற்றி நின்று, ஐஸ் மோட்டாரைக் கேட்டுக் கம்பியைத் தளர்த்துவோம். பார்த்தவர்கள் ஜெபம் பண்ணுகிறோம் என்று நினைத்தார்கள்.

கலைக்கண் கொண்டோர்

தளர்ந்த கம்பி கரகரவென்று அடிபடும். பாட்டின் வார்த்தைகள் அதில் பாதி கரைந்துபோகும். வயலைக் கவனிக்காமல் கம்பியைத் தடவுவதாக என்மேல் ஏற்கெனவே கோபத்தில் இருந்த என் அம்மா, பாகூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டில் முதல் பாட்டைக் கேட்டுவிட்டு, "போன் ரிப்பேரா இருக்குது பாரு" என்றார்.

ஆனால் ஊரில் விவரம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஒருவர் அதைக் கடலின் உறுமல் என்றார். அப்படித்தான் அந்தப் பெயர் நிலைத்தது. இன்னொருவர் மீனவர்களின் மூச்சு என்றார். சென்னையிலிருந்து ஒரு விமர்சகர் வந்தார். தாடியும் ஜோல்னாப் பையுமாக இரண்டு நாள் எங்களோடு சுற்றினார். 'இந்தச் சுருதியில் இந்நகரத்தின் காலனிய வடு வலியோடு அதிர்கிறது' என்று எழுதினார். நாங்கள் மூன்று பேரும் அதை ஐஸ் கம்பெனி வாசலில் நின்று வாசித்தோம். லூர்து அதை மாமாவுக்குப் படித்துக் காட்டினான். அவர் வடு என்றால் மாவடு என்று எண்ணிக்கொண்டு, "அது இங்க ஏது" என்றார்.

லூர்து வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் படையில் சேவகம் செய்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் நிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, முதல் நாற்காலியில் உட்கார்ந்து, முடிந்ததும் "பா மால்" என்பார். மோசமில்லை என்று அர்த்தம். ஒருமுறை மின்சாரம் போய், பாட்டைப் பாதியில் நிறுத்தினோம். அதற்கும் "பா மால்" என்றார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கிறேனே தவிர, அந்தப் புகழ்ச்சி எனக்கு வேண்டியிருந்தது. பகலெல்லாம் ஃப்ரிட்ஜுக்கு வாரண்டி எழுதுகிறவனை யாராவது வடு என்று சொன்னால் இனிக்கத்தான் செய்யும்.

அமலி வந்தாள்

மாமாவுக்கு வியாபாரம் பெருகி, கிடங்கு தேவைப்பட்டது. நாங்கள் தவளக்குப்பத்தில் தினாவின் அப்பா நடத்திய டைல்ஸ் கடை மாடிக்குப் போனோம். காய்ந்த தரை, மேலே ஒரு மின்விசிறி. முதல் நாள் அந்த அமைதியில் எங்களுக்கே கூச்சமாக இருந்தது.

அன்றைக்குத்தான் லூர்து தன் தங்கையை அழைத்துவந்தான். அமலி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். சின்ன வயதிலிருந்து மாதா கோயில் ஞாயிறு பூசையில் பாடுகிறவள், கீபோர்டும் வாசிப்பாள். நாங்கள் வழக்கம்போலப் போனைச் சுற்றி நின்று மோட்டாரைக் கேட்டபோது, அவள் கீபோர்டில் இரண்டு கட்டைகளைத் தட்டிப் பார்த்தாள்.

"என்னாண்ணா இது, எந்தக் கட்டையிலயும் இல்லியே?"

"அதான் எங்க ஸ்டைல்," என்றேன்.

"ஸ்டைல் இல்லண்ணா. சுருதி சேரல."

கீபோர்டிலும் ஏதோ பட்டனை அழுத்தி அந்தச் சந்துக்குள் நுழையலாமாம். மாட்டேன் என்றாள். தினா ஒரு பேச்சுக்குக் கம்பியை இறுக்கிச் சரியான சுருதிக்குக் கொண்டுவந்தான். கரகரப்பு போனது. கிடாரில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டது. தினாவின் முகம் மலர்ந்தது. இத்தனை வருஷமாக அவன் எவ்வளவு நன்றாக வாசித்திருக்கிறான் என்று அன்றைக்குத்தான் அவனுக்கே தெரிந்தது.

எனக்கு வேறொன்று தெரிந்தது. பாட்டெல்லாம் பழையபடி ஆறு கட்டைக்கு ஏறிவிட்டது. எங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த 'நெத்திலி' பாட்டின் கடைசி வரி மேலே போய் நிற்கும். அங்கே என் குரல் கீறிக்கொண்டு நின்றது. டைல்ஸ் தூசி என்றேன். மறுவாரம் பருவநிலை என்றேன். அதற்கடுத்த வாரம் மத்தியானம் சாப்பிட்ட கருவாட்டுக் குழம்பின் மேல் பழியைப் போட்டேன். நாலாவது வாரம் நான் கீறிய இடத்தில், பின்னாலிருந்து யாரும் கேட்காமலே அமலி அந்த வரியைப் பாடிவிட்டாள். அவ்வளவு உயரத்தில் அது அத்தனை சாதாரணமாக நின்றது. லூர்துவும் தினாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு கடைசி வரி அவளுடையதாயிற்று. அடுத்து இரண்டாம் சரணம். அடுத்து வந்த மூன்று புதுப் பாட்டும் முழுசாக அவளுடையவை. "பழைய சுருதிக்கே போயிடலாமே" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். "எதுக்குடா?" என்று தினா கேட்டான். எதுக்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு எட்டவில்லை என்ற இரண்டு சொல்லைச் சொல்வதற்குப் பதிலாக, நான் இசைத் தத்துவம் பேசினேன்.

துக்கம் விசாரித்தவர்கள்

புதுப் பாட்டை இணையத்தில் ஏற்றினோம். ஊர் பொங்கிவிட்டது. ஊர் என்றால், எங்களைத் தெரிந்த ஊர். ஒரு மினி பஸ்ஸில் ஏற்றிவிடலாம்.

எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதால் இசை சாதுவாகிவிட்டது என்றார் ஒருவர். எனக்குப் பெண் பார்க்கவே ஆரம்பிக்கவில்லை. சினிமாவுக்கு அடிபோடுகிறோம் என்றார் இன்னொருவர். நாங்கள் கூட்டமாகச் சாமி பக்கம் போய்விட்டோம் என்றும் ஒரு தகவல் இருந்தது. சென்னை விமர்சகர் விடவில்லை. 'ஐஸ் பெட்டி மேற்கத்தியச் சுருதியிடம் சரணடைந்துவிட்டது, வடு ஆறிவிட்டது, ஐயோ' என்று எழுதினார். வடு ஆறினால் சந்தோஷப்பட வேண்டாமா என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் வந்து என் தோளில் கை வைத்தார்.

"கேட்டேண்ணா. மனசே சரியில்ல. எப்படி ஆச்சு இது?"

மீன்காரம்மா செதில் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, "யாரு தம்பி, வீட்ல எதுனா ஆயிட்சா?" என்றார். "இல்லம்மா, பாட்டுக்கு" என்றேன். "பாட்டுக்கா," என்று சொல்லிவிட்டு மறுபடி தேய்க்கத் தொடங்கினார்.

கடையில் என்னோடு வேலை பார்க்கும் நண்பருக்குப் பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். "ரெண்டும் ஒன்னுதான சார்?" என்றார். அம்மா மட்டும் தெளிவாகச் சொன்னார். "இப்பதான் வார்த்தை புரியுது. நெத்திலின்னு ஆபீஸ்காரங்களைத்தான் சொல்றியா? போயும் போயும் இதுக்கா இவ்ளோ கத்துன?"

உண்மை ரசிகன்

ஒரு மதியம் கடையில் கூட்டமில்லை. போனில் புதிதாக ஒரு கணக்கு தொடங்கினேன். பெயர் 'உண்மை ரசிகன்'. படத்துக்கு ஒரு படகு. 'உறுமலைத் திருப்பிக் கொடு' என்று எங்கள் பாட்டுக்குக் கீழே எழுதினேன்.

ஜனங்கள் கேட்டால் தினா இறங்கி வருவான், கம்பி தளரும், மைக் என்னிடம் வரும் என்பதுதான் கணக்கு. சாயங்காலத்துக்குள் அந்த மூன்று சொல்லுக்கு ஏகப்பட்ட பேர் கைதட்டியிருந்தார்கள். என் பாட்டுக்குக் கிடைக்காத பாராட்டு என் திட்டுக்குக் கிடைத்தது. ருசி கண்டுவிட்டேன். தினம் ஒன்று எழுதினேன். கம்பியின் இறுக்கம், தாளத்தின் நடை என்று நுணுக்கமாகப் பிடித்தேன். "யாருண்ணே நீங்க, பெரிய ஞானஸ்தரா இருக்கீங்களே" என்று ஒருவர் கேட்டார். பணிவாக மறுத்தேன்.

அடுத்து எழுதியதைத்தான் இங்கே எழுதக் கை கூசுகிறது. மறைத்தால் இந்த வாரம் எழுதுவதற்கே அர்த்தமில்லை. 'இது ஞாயித்துக்கிழமை பூசையில பாட வேண்டிய குரல். மேடைல ஏத்துனா இப்படித்தான் இருக்கும்' என்று எழுதினேன். எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். அதற்குத்தான் எல்லாவற்றையும்விடக் கைதட்டு அதிகம்.

மறுபடியும் மேடை

கடற்கரைச் சாலைக்கு வருகிறேன். கோஷம் வலுத்தது. அமலி இரண்டாவது வரிக்குப் போனாள். அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல், "பூசையில போய்ப் பாடும்மா" என்றது. நிறையப் பேர் சிரித்தார்கள். அமலி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். லூர்து அடிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றான்.

நான் பெடலிலிருந்து நிமிர்ந்தேன். நேராக நடு மைக்குக்குப் போனேன்.

"அந்த உண்மை ரசிகன் நான்தான். எல்லாத்தையும் எழுதுனது நான்தான்," என்றேன்.

விசில் பறந்தது. கைதட்டல் நிற்கவில்லை. "பழியத் தூக்கித் தன்மேல போட்டுக்குறாரு பாரு," என்று முன்னால் நின்ற ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் நெகிழ்ந்து சொன்னது எனக்கே கேட்டது. அட்டைக்காரர் அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டு அதற்காகத் தியாகி ஆனவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். சொல்தா எழுந்து நின்று "பா மால்" என்றார்.

அமலி கீபோர்டைத் துணியால் மூடிவிட்டு இறங்கிப் போனாள்.

அடுத்த இரண்டு வாரம் அவள் பயிற்சிக்கு வரவில்லை. மூன்றாவது வாரம், ஒரு மதிய இடைவேளையில், அவள் வேலை பார்க்கும் இடத்துக்குப் போனேன். வாசலில் ரத்தம் கொடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அமலி வெளியே வந்து படிக்கட்டில் நின்றாள்.

"நானே போன் பண்ணலாம்னு இருந்தேண்ணா. தேங்க்ஸ் சொல்லணும். எனக்காக அத்தினி பேர் முன்னால பொய் சொன்னீங்களே."

அவளும் நம்பவில்லை. 'பரவாயில்லம்மா' என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் இன்றுவரை நான் அந்தக் குடும்பத்துக்கு நல்லவன்.

போனைத் திறந்து அந்தக் கணக்கைக் காட்டினேன். அவள் வாங்கி, நின்றபடியே, விரலால் தள்ளித் தள்ளி எல்லாவற்றையும் படித்தாள். ஒன்றில் வந்து விரல் நின்றது.

"இத படிச்சதுலேர்ந்து நான் கோயில்லயும் பாடல," என்றாள். "லூர்து சொன்னான், பாட்டு தெரியாத எவனோ எழுதுறான், வுடுன்னு. நீங்க பாட்டு தெரிஞ்சவராச்சே. அப்ப அது நெசம்தானா?"

"இல்லம்மா. பொய்யி."

"அப்புறம் எதுக்கு?"

"நெத்திலி கடைசி வரி எனக்கு எட்டல."

அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்ல ஒரு விநாடிகூட ஆகவில்லை. அமலி போனைத் திருப்பித் தந்தாள்.

"அத மேடையில சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கடைசி வரி

அவள் திரும்பி வந்ததற்கு நான் காரணமில்லை. லூர்துவிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் தங்கையை மட்டும் விடாமல் வண்டியில் உட்காரவைத்து மாடிக்குக் கூட்டிவந்துகொண்டே இருந்தான்.

அடுத்த மேடை தவளக்குப்பத்தில், ஒரு பள்ளி மைதானத்தில். ஞாயிறு மாலை. பழைய முகங்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். 'நெத்திலி' தொடங்குவதற்கு முன் நான் மைக்குக்குப் போனேன்.

"எனக்கு மேல் சுரம் எட்டல. அதனாலதான் பழைய சுருதி கேட்டேன். இனிமே இதை அமலி பாடும்," என்றேன்.

யாரும் விசில் அடிக்கவில்லை. யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. முன்வரிசையில் நின்ற ஒரு பெண், எங்கள் நிகழ்ச்சி ஒன்றையும் விடாதவள், ரொம்ப அன்பாகச் சொன்னாள்.

"அது எங்களுக்குத் தெரியும்ணா. ஐஸ் கம்பெனி காலத்துலயே எட்டாது. அதான அந்த வரி வந்தா நாங்க எல்லாருமா சேந்து பாடிடுவோம்."

அவள் பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அத்தனை வருஷம் அவர்கள் கூடப் பாடியதை நான் புகழ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஓரத்துக்கு வந்தேன். லூர்து குச்சியைத் தட்டி நாலு எண்ணினான். அமலி பாடினாள். கடைசி வரி வந்தபோது கூட்டத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.